பழைய ஏசியை மாற்றினால் எத்தனை யூனிட் மிஞ்சும்? மீற்றரை வைத்துக் கணக்குப் பார்க்கும் வழி

கச்சான் எனப்படும் வெக்கையான மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஏசிக் கடைகளில் ஒரே வசனம்தான்: "இன்வேர்ட்டர் போடுங்க, கரண்ட் பில் பாதியாகும்." இன்வேர்ட்டர் என்பது கொம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ஏசி. உண்மையில் பாதியாகுமா? சில வீடுகளில் ஏசியின் பங்கு மட்டும் மூன்றில் ஒன்று குறையும். சில வீடுகளில் ஐந்தில் ஒன்று குறைவதே பெரிய காரியம். முழுப் பில்லும் பாதியாவது அபூர்வம். ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டரும் அயன்பெட்டியும் பழையபடியே ஓடிக்கொண்டிருக்குமே.

கடைக்காரர் சொல்லும் சதவீதம் பொய் என்று சொல்ல வரவில்லை. அது ஆய்வுகூடத்தில் ஒரு ஏசிக்குக் கிடைத்த எண். உங்கள் அறை, உங்கள் கூரை, நீங்கள் போட்டுப் படுக்கும் நேரம் எதுவும் அதில் இல்லை. அவை எல்லாம் பதிவாவது வாசல் சுவரில் தொங்கும் மீற்றரில். எனவே கணக்கை அங்கிருந்து தொடங்குவோம். முதலில் யூனிட், கடைசியில்தான் ரூபா. ஒரு கொப்பி, பேனை, கைத்தொலைபேசியில் மணிக்கூடு, கடைசியாக வந்த மின் பட்டியல், இவ்வளவும் போதும்.

1. அளப்பதற்கு முன் சேர்விஸ்

அழுக்கேறிய பழைய ஏசியை அளந்துவிட்டுப் புதியதோடு ஒப்பிட்டால் புதியது வானத்திலிருந்து இறங்கியதுபோலத் தெரியும். அது நியாயமான போட்டி இல்லை. உள்பெட்டியின் வலைகளைக் கழற்றிக் கழுவுங்கள். வெளிப்பெட்டியின் பின்பக்க அலுமினியத் தகடுகளில் மணலும் தூசியும் அடைத்திருந்தால் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். சில வீடுகளில் இந்த இரண்டையும் செய்ததுமே பில் குறைந்து, புதிய ஏசிப் பேச்சே அடங்கிப்போகும்.

ஒவ்வொரு வருடமும் "காஸ் குறைஞ்சிருக்கு, கொஞ்சம் அடிக்கணும்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஏசிக்குள் இருக்கும் காஸ் பெற்றோல்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது காசைக் காற்றில் விடுவது.

2. வெளிப்பெட்டித் தகட்டை வாசியுங்கள்

வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் அது பாதி துருவாகவோ வெளிறியோ இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வேண்டியவை இரண்டே எண்கள். ஒன்று குளிரூட்டும் திறன், பிடியு கணக்கில். மற்றது அதற்கு இழுக்கும் மின்சாரம், வாட் கணக்கில்.

12,000 பிடியு என்றால் ஒரு தொன், ஏறத்தாழ 3.5 கிலோவாட் குளிர். பிடியுவை வாட்டால் வகுத்தால் வருவதுதான் ஈஈஆர் எனப்படும் திறன் எண். 12,000 பிடியு, 1,250 வாட் என்று இருந்தால் ஈஈஆர் 9.6. இந்த எண் கூடக்கூட, அதே குளிருக்குக் குறைந்த மின்சாரம்.

எந்தக் காஸ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்22 என்று இருந்தால் அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் முழுக்க ஒழித்துக்கட்டப்படும் பொருள். அப்படிப்பட்ட ஏசி கசியத் தொடங்கினால் அதற்கு மேலும் மேலும் செலவழிப்பதில் அர்த்தமில்லை. இப்போது கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆர்32 அல்லது ஆர்410ஏ.

தகட்டு எண் எந்த வெப்பத்துக்குரியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே 35 பாகை, அறைக்குள் 27 பாகை இருக்கும்போது சோதித்துப் பெற்ற எண் அது. அதாவது நம் ஊரில் கச்சான் அடிக்கும் பகல் பொழுது. இரவு பதினொரு மணிக்கு வெளியே 28 பாகை இருக்கும்போது பழையதும் புதியதும் தகட்டில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். தகட்டு வாட்டை எட்டு மணித்தியாலத்தால் பெருக்கி "ஒரு இரவுக்கு 10 யூனிட்" என்று முடிவு கட்டுவதால்தான் சேமிப்பு ஊதிப் பெருத்துத் தெரிகிறது.

3. மீற்றரை இரவும் காலையும் வாசியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. இதில் அவசரப்படாதீர்கள்.

இரவு ஏசி போடும் நேரத்தில் மீற்றரில் உள்ள எண்ணை எழுதுங்கள். காலையில் நிற்பாட்டியதும் மறுபடி எழுதுங்கள். ஒரு வாரத்துக்குச் செய்யுங்கள். பக்கத்தில் அன்று வெக்கையா, மழையா, ரிமோட்டில் எத்தனை பாகை வைத்தீர்கள் என்று ஒரு சொல் குறித்தால் போதும். அப்புறம் மூன்று நான்கு இரவுகள் ஏசி போடாமல், மின்விசிறியோடு மட்டும் படுத்து, அதே நேரங்களில் மீற்றரை வாசியுங்கள். வீட்டில் முணுமுணுப்பு வரும். கொஞ்சம் குளிர்ச்சியான இரவுகளாகப் பார்த்துத் தெரிவு செய்தால் சண்டை குறையும்.

முதல் வகை இரவின் சராசரியிலிருந்து இரண்டாம் வகை இரவின் சராசரியைக் கழியுங்கள். மிஞ்சுவது ஏசியின் பங்கு. ஏசி போட்ட இரவு 9.0 யூனிட், போடாத இரவு 2.0 யூனிட் என்று வந்தால் ஏசி எடுத்தது 7.0 யூனிட். எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் சராசரி 875 வாட். தகட்டில் 1,250 இருந்ததே? சரிதான். பழைய வகை ஏசியின் கொம்பிரசர் ஓடும், அறை குளிர்ந்ததும் நிற்கும், மறுபடி ஓடும். நின்ற நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. மேலே இருக்கும் எண்களை இனி இந்தக் கட்டுரை முழுவதும் உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

அந்த நாட்களில் இரவு அயன் பண்ணுவது, சலவை இயந்திரம் போடுவது, தண்ணீர் ஏற்றுவது வேண்டாம். ஒரு மோட்டரை மறந்து ஓடவிட்டாலே அன்றைய கணக்கு பிழைத்துவிடும்.

டிஜிற்றல் மீற்றர் என்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 1000, 1600 அல்லது 3200 மாதிரி ஒரு எண்ணும் 'இம்ப்' என்ற சுருக்கமும் அச்சாகியிருக்கும். அந்த விளக்கு அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜின் பிளக்கையும் சில நிமிடம் கழற்றிவிட்டு, ஏசியை மட்டும் போடுங்கள். கொம்பிரசர் ஓடும் சத்தம் கேட்டதும் ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். எண்ணிக்கையை 60,000 ஆல் பெருக்கி மீற்றரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் வந்துவிடும். 1000 என்று அச்சிட்ட மீற்றரில் நிமிடத்துக்கு 20 சிமிட்டல் என்றால் 1,200 வாட். 1600 மீற்றரில் அதே 1,200 வாட்டுக்கு 32 சிமிட்டல் வரும். கண்ணால் எண்ண முடியாத வேகம் என்றால் கைத்தொலைபேசியில் காணொளி எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இந்தச் சிமிட்டல் கணக்கு எதற்கு? தகட்டில் 1,250 வாட் என்றிருக்க மீற்றர் 1,500 காட்டினால், ஏசிக்கு வருத்தம் இருக்கிறது. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் அடைத்திருக்கலாம், அதன் மின்விசிறி மெதுவாகச் சுற்றலாம். மீற்றர் 800 காட்டியும் அறை குளிரவில்லை என்றால் காஸ் கசிவைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் முதலில் திருத்தம், பிறகு மறுபடி அளவு.

ஏசி திருத்த வருபவரிடம் கிளாம்ப் மீற்றர் இருந்தால் அதை ஒரு வயரில் மாட்டி அம்பியர் பார்க்கச் சொல்லலாம். 230 வோல்ட் அளவு வருகிறதா என்பதையும் கேளுங்கள். ஆனால் அது அந்த நிமிடத்துக்கான எண் மட்டும். இரவு முழுக்க என்ன நடந்தது என்பதை வீட்டு மீற்றர்தான் சொல்லும்.

4. புதிய ஏசியில் எந்த எண்ணைக் கேட்பது

கடைக்குப் போனால் பெட்டியில் நட்சத்திரங்கள் கண்ணைப் பறிக்கும். நட்சத்திரம் நல்லதுதான். ஆனால் ஒரு நாட்டின் ஐந்து நட்சத்திரமும் இன்னொரு நாட்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. இந்திய லேபலில் ஐசீர் (ISEER) என்ற பருவகாலத் திறன் எண் இருக்கும். அது 24 முதல் 43 பாகை வரையான இந்தியக் காலநிலையில், வருடத்துக்கு 1,600 மணித்தியாலம் ஓடும் என்று வைத்துக் கணித்தது. வேறு சில பெட்டிகளில் அதே மாதிரியான சிஎஸ்பிஎஃப் (CSPF) என்ற எண் இருக்கும். லேபலில் "வருடத்துக்கு இத்தனை யூனிட்" என்று அச்சிட்டிருப்பதை அப்படியே உங்கள் வீட்டுக்கு எடுக்க வேண்டாம். நீங்கள் 1,600 மணித்தியாலமா போடப் போகிறீர்கள்?

இன்னொரு பொறி இருக்கிறது. ஐசீர், சிஎஸ்பிஎஃப் எண்கள் 4, 5 என்று சின்னதாக இருக்கும். உங்கள் பழைய ஏசியின் ஈஈஆர் 9.6. "பழையதுதான் பெரிய எண்!" என்று குழம்பக் கூடாது. அங்கே குளிரும் வாட்டிலேயே அளக்கப்படுகிறது. 3.41 ஆல் பெருக்கினால்தான் பிடியுக் கணக்குக்கு வரும். அப்படிப் பெருக்கினாலும் அது பல வெப்பநிலைகளின் சராசரி, உங்களுடையது 35 பாகையில் எடுத்த ஒற்றை எண். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது.

நான் கேட்கச் சொல்வது இரண்டே விபரம். முழு வேகத்தில் எத்தனை பிடியு, எத்தனை வாட். பாதித் திறனில் எத்தனை பிடியு, எத்தனை வாட். கல்முனைக் கடை ஒன்றில் இந்தக் கேள்வி எப்படிப் போகும் தெரியுமா?

"தம்பி, இது பாதி வேகத்தில ஓடக்குள்ள எத்தனை வாட் எடுக்கும்?"

"நானா, 60 சதவீதம் மிச்சம் பிடிக்கும்."

"அது சரி தம்பி. வாட் எத்தனை?"

"பொறுங்க, கட்டலொக் எடுத்துத் தாறன்."

கட்டலொக்கில் பெரும்பாலும் இருக்கும். அல்லது கம்பனியின் இணையத்தளத்தில் மாதிரி எண்ணை அடித்தால் கிடைக்கும். "200 முதல் 1,300 வாட்" என்று ஒரு வீச்சு மட்டும் போட்டிருந்தால் அந்த 200 ஐக் காட்டி விற்க வருவார்கள். ஏசி அந்த எண்ணில் ஓடுவது அறை நன்றாகக் குளிர்ந்து, கதவு பூட்டி, விடியப்புறம் நெருங்கும் நேரத்தில். இரவு முழுக்க அல்ல.

இன்வேர்ட்டர் மிச்சம் பிடிப்பது எப்படி என்று சுருக்கமாக: பழைய கொம்பிரசருக்கு முழு வேகம் அல்லது நிற்பது, இரண்டுதான் தெரியும். இன்வேர்ட்டர் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது அதே பெரிய அலுமினியத் தகடுகளுக்குக் குறைந்த வேலை, ஆகவே ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் குளிர். எந்நேரமும் முழு வேகத்தில் ஓட வேண்டிய அறையில் இந்த நன்மை கிடைக்காது.

5. குறைந்த சேமிப்பும் கூடிய சேமிப்பும்

உதாரணத்துக்கு ஒரு புதிய இன்வேர்ட்டர்: முழு வேகத்தில் 12,000 பிடியு, 1,000 வாட். ஈஈஆர் 12. பாதித் திறனில் 6,000 பிடியு, 400 வாட். ஈஈஆர் 15.

பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். 9.6 ஐ 12 ஆல் வகுத்தால் 0.80. சேமிப்பு 20 சதவீதம். 9.6 ஐ 15 ஆல் வகுத்தால் 0.64. சேமிப்பு 36 சதவீதம். நீங்கள் அளந்த 7 யூனிட்டில் இது ஒரு இரவுக்கு 1.4 முதல் 2.5 யூனிட் வரை. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஒரே ஒரு எண்ணைத் துல்லியமாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம். 120 சதுர அடி அறை, நல்ல சீலிங், கதவு இறுக்கம் என்றால் கூடிய பக்கம். மேலே வெறும் கொங்கிறீட், மாலை வரை வெயில் குடித்த சுவர், சன்னலுக்கு மேல் அடைக்காத காற்றுத் துளைகள் என்றால் குறைந்த பக்கம். கொங்கிறீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் கக்கும். அந்தத் துளைகளைக் கண்ணாடியோ பலகையோ வைத்து அடைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பழைய ஏசியோடு வாழ முடிவெடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

இப்போது வருடத்தில் எத்தனை இரவு? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கச்சான் காலத்தில் ஒரு இரவும் விடாமல் ஓடும். கடலோரம் எழுவான்கரையில் மாலைக் கடற்காற்று வந்தால் சிலர் பாதி இரவோடு நிறுத்துவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் பல வீடுகளில் ரிமோட் எங்கே என்றே தெரியாது. 365 என்று போடாதீர்கள். நம் உதாரணத்துக்கு 230 இரவு. ஆக வருடத்துக்கு 322 முதல் 575 யூனிட். நடுவாக 450 என்று வைப்போம்.

கடைகளுக்குக் கணக்கு வேறு. காத்தான்குடியில் ஒரு புடவைக் கடை, 18,000 பிடியு ஏசி, கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. அங்கே கொம்பிரசர் ஓய்வதில்லை. ஆகவே முழு வேக எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். பழையது ஈஈஆர் 9.5 என்றால் 1,895 வாட், புதியது 11.5 என்றால் 1,565 வாட். வித்தியாசம் 330 வாட். நாளுக்கு 10 மணித்தியாலம், வருடம் 300 நாள் என்றால் 990 யூனிட். சதவீதம் 17 தான். ஆனால் யூனிட்டில் படுக்கையறையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது இதனால்தான்.

6. யூனிட்டை ரூபாவாக்குவது

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். மாதப் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, "ஒரு யூனிட் இவ்வளவு" என்று சராசரி எடுப்பார்கள். நம் வீட்டுக் கட்டணம் படிமுறைக் கட்டணம். மாதத்தில் 60 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டுக்கு முதல் 60 ஒரு விலை, 61 முதல் 90 வரை ஒரு விலை, 91 முதல் 120, 121 முதல் 180, அதற்கு மேல் என்று ஏறிக்கொண்டே போகும். ஏசியால் மிஞ்சும் யூனிட் மேலிருந்துதான் கழியும், அதாவது விலை கூடிய படியிலிருந்து. சராசரியை எடுத்தால் சேமிப்பைக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

இரண்டு வீடுகளைப் பாருங்கள். ஒரு வீடு மாதம் 310 யூனிட். 60 யூனிட் மிஞ்சி 250 ஆனால், அந்த 60 யூனிட்டும் 180க்கு மேற்பட்ட படியின் விலை. மற்ற வீடு 200 யூனிட். அதே 60 மிஞ்சி 140 ஆனால், 20 யூனிட் மேற்படியின் விலை, 40 யூனிட் அதற்குக் கீழ்ப்படியின் விலை. ஆனால் இந்த வீட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு. நிலையான மாதக் கட்டணமும் படியைப் பொறுத்தது என்பதால் அதுவும் ஒரு படி இறங்கும். பில்லில் இருக்கும் நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 30 நாளுக்குக் கூடவோ குறையவோ வாசித்தால் படிகளின் எல்லையும் அதற்கேற்ப நகரும்.

விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பழசாகிவிடும். 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, அதே வருடம் ஜூனில் 15 சதவீதம் ஏறியது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரித்த நடப்பு விலைகள் உங்கள் பில்லில் படிப்படியாக இருக்கும். கொப்பியில் சேமிப்பை யூனிட்டாக வைத்திருந்தால், விலை மாறும்போது ஒரு பெருக்கல் மட்டும்தான் மறுபடி செய்ய வேண்டும்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மாதக் கடைசியில் நீங்கள் மின்சாரத்தை மின் வழங்குநருக்கு விற்பவராக இருந்தால், மிஞ்சும் ஒரு யூனிட்டின் மதிப்பு நீங்கள் விற்கும் விலை. வாங்கும் விலை அல்ல. நேர அடிப்படையிலான கட்டணத்தில் இருப்பவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு நேரம். படுக்கையறை ஏசி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஓடும் என்பதால் சேமிப்பின் ரூபா மதிப்பும் குறையும்.

7. எத்தனை வருடத்தில் காசு திரும்பும்

கணக்குக்காக மேற்படி விலை 60 ரூபா என்று வைப்போம். 450 யூனிட்டுக்கு வருடம் 27,000 ரூபா. புதிய ஏசி, குழாய், பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 210,000, பழையதை 20,000க்கு விற்கிறீர்கள் என்றால் கைக்காசு 190,000. வகுத்தால் ஏழு வருடம். குறைந்த சேமிப்பென்றால் பத்து வருடத்தைத் தொடும். கூடிய சேமிப்பென்றால் ஐந்தரை.

எனக்கு இது பெரிய லாபமாகத் தெரியவில்லை. நன்றாக ஓடும் ஏசியைச் சேமிப்புக்காக மட்டும் கழற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் கேள்வி மாறினால் விடையும் மாறும். பழையதின் கொம்பிரசர் போய்விட்டது, திருத்த 70,000 கேட்கிறார்கள் என்று வையுங்கள். அந்தக் காசு எப்படியும் போகத்தான் போகிறது. ஆகவே புதியதற்காக நீங்கள் உண்மையில் கூடுதலாகப் போடுவது 120,000. நாலரை வருடத்துக்குள் திரும்பிவிடும். இன்னொருவர் எப்படியும் புதிய ஏசி வாங்கத்தான் போகிறார், சாதாரணமா இன்வேர்ட்டரா என்பதுதான் கேள்வி, விலை வித்தியாசம் 40,000. ஈஈஆர் 10.5 உள்ள புதிய சாதாரண ஏசி அதே அறையில் இரவுக்கு 6.4 யூனிட் எடுக்கும், இன்வேர்ட்டர் 4.5 முதல் 5.6 வரை. நடுவாக எடுத்தால் வருடத்துக்கு 310 யூனிட், 18,600 ரூபா. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். இங்கே யோசிக்கவே தேவையில்லை, இன்வேர்ட்டர்தான். ஏசியை வாரத்தில் ஓரிரு மணித்தியாலம் மட்டும் போடுபவருக்கு எந்தக் கணக்கும் கட்டுப்படியாகாது. அவர் ஒரு நல்ல மின்விசிறி வாங்கலாம்.

8. நம் ஊருக்கென்று கழிக்க வேண்டியவை

உப்புக் காற்று முதலாவது. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அது அரிக்கும். அரித்த தகடு சூட்டை வெளியே தள்ளாது, அதனால் திறன் வருடத்துக்கு வருடம் இறங்கும். கடல் தெரியும் தூரத்தில் வீடு என்றால் ஏழு வருடத்தில் காசு திரும்பும் என்ற கணக்கை நம்பிக் காசைப் போடாதீர்கள். அவ்வளவு காலம் வெளிப்பெட்டி ஒழுங்காக இருக்குமா என்பதே கேள்வி. அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள தகடாக வாங்குங்கள். கடலைப் பார்க்காத சுவரில் பூட்டுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதால் கழுவ வேண்டாம்.

இரண்டாவது மின்னலும் வோல்ட் ஏற்ற இறக்கமும். இன்வேர்ட்டரின் உயிர் ஒரு மின்சுற்றுப் பலகையில் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் இடி முழக்கத்தில் அது எரிந்தால் பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். மின்னல் காப்புக் கருவி, தேவைப்பட்டால் ஸ்டெபிலைசர், இவற்றின் விலையையும் 7ஆம் படியில் செலவோடு கூட்டுங்கள். உத்தரவாதம் கொம்பிரசருக்கு மட்டுமா, பலகைக்கும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது நாமேதான். புதியது சத்தமில்லாமல் ஓடும், பில்லும் குறையும் என்ற தைரியம் வரும். பத்து மணிக்குப் போட்டது எட்டு மணிக்கே தொடங்கும். மத்தியானத் தூக்கத்துக்கும் போடுவார்கள். 26 பாகை 22 ஆகும். ரிமோட்டில் ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்று இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. அதே கணக்கில் நான்கு பாகை இறக்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேமிப்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். சொகுசுக்காக அப்படிச் செய்வதில் தப்பில்லை, உங்கள் காசு. ஆனால் அதைச் சேமிப்புக் கணக்கில் எழுத முடியாது.

9. பூட்டிய பிறகு

பூட்டும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். குழாய்களை இணைத்ததும் வக்கியூம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பம்ப் கொண்டுவராமல் கொஞ்சம் காஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிடலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆர்32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதும் அதற்கு ஒரு காரணம். வெளிப்பெட்டியைச் சுவரோடு ஒட்டவைக்கவோ, சூடான காற்று திரும்பி அதற்குள்ளேயே போகும்படி கூரைக்கடியில் அடைக்கவோ விடக் கூடாது.

இரண்டு வாரம் போனபின், 3ஆம் படியில் செய்த அதே மீற்றர் வாசிப்பை அதே பாகையில், அதே நேரங்களில் ஒரு வாரம் செய்யுங்கள். ஏசி இல்லாத இரவின் 2.0 ஐக் கழியுங்கள். நம் உதாரணத்தில் 4.5 முதல் 5.6 யூனிட்டுக்குள் வந்தால் கணக்கு சரி. பழையதை அளந்தது கச்சான் வெக்கையில், புதியதை அளப்பது மாரியில் என்றால் ஒப்பிட வேண்டாம். அடுத்த வெக்கை வரும்வரை பொறுத்திருங்கள். அதே மாதிரிக் காலநிலையில் 6 யூனிட்டுக்கு மேல் போனால், கொப்பியைக் காட்டிப் பூட்டியவரைக் கூப்பிடுங்கள். காஸ் அளவு, வக்கியூம், வெளிப்பெட்டிக்கு விட்ட இடைவெளி, இந்த மூன்றையும் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பார்க்கச் சொல்லுங்கள்.